கழற்றிப் போட்ட கருவி

"அக்கா, கீழே சர்வர் ரூம்ல இருந்த கருவிக்கு இணைப்பு அறுந்துபோச்சுன்னு மறுபடியும் எச்சரிக்கை வருது. தெரிஞ்ச கோளாறுதானே, மூடிடட்டுமா?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்தவள்.

"மூடாதே."

"அந்தக் கருவியைத்தான் போன மாசமே கழட்டிட்டாங்களே! வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவங்க காலிங் பெல் அடிக்கிற மாதிரில்ல இருக்கு."

மூத்தவள் சிரிக்கவில்லை. வலையமைப்பைக் காவல் காக்கும் அந்த மென்பொருள் அடிக்கடி இப்படிப் பொய்யாக அலறும். பார்க்காமலே மூடிவிடுவதுதான் அங்கே எல்லோருக்கும் பழக்கம். சர்வர் ரூமில் வேலை பார்த்த அண்ணன் நெஞ்சுவலியில் விழுந்து, யாராவது வரட்டும் என்று அந்தக் கருவியின் வயரைப் பிடுங்கிய அன்றும், எச்சரிக்கையை மூடியவள் இவள்தான். அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கமே இவள் போனதில்லை.

இன்று எழுந்து போனாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, இணைப்பு வந்துடுச்சு! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. கதவைத் திறந்து, 'அண்ணே, வந்துட்டேன்'னு சொன்னேன்."