படகுக்கு ஒரு ஊஃபர்

“இதைவிடப் பெருசு இல்லையா தம்பி?”

வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையில் நின்ற படகின் முன் இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த டமாரம் நிமிர்ந்து பார்த்தார். கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டியே ஊர்க் காதைக் கிழித்தவருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் அது. கேட்டவருக்கு எப்படியும் அறுபது வயது இருக்கும். தலை நரைத்தாலும் ஆட்டம் அடங்கவில்லை என்று டமாரம் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

“இதை வெச்சு ஒரு தெருவையே எழுப்பிடலாம் சார். இத்தனூண்டு படகுக்கு இதுவே ஜாஸ்தி.”

“ஜாஸ்தியாவே இருக்கட்டும். என் வீட்டுக்காரிதான் இருக்கிறதுலயே பெருசா மாட்டச் சொன்னா. படுத்த இடத்துலேர்ந்தே அவளும் பாட்டு கேக்கலாமாம்.”

டமாரத்துக்குச் சுருக்கென்றது. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வழியாக வந்தபோது அந்த அம்மாளைப் பார்த்திருந்தார். ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில், மூக்கில் ஆக்சிஜன் குழாய், போர்வைக்குள் ஆள் இருக்கிற அடையாளமே இல்லை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்களாம்.

அந்த உயிரா ஊஃபர் கேட்கும்? ஆள் நன்றாகவே காதில் பூச்சுற்றுகிறார்.

“நீங்க எப்ப சார் பாட்டு கேப்பீங்க?”

“சாயங்காலம் நர்ஸ் வந்ததும் கிளம்பிடுவேன். ஏரி நடுவுல கொஞ்ச நேரம் இருந்துட்டு வருவேன்.” ஓரமாகக் கிடந்த பழைய ரேடியோவைக் காலால் தள்ளினார். “இத்தனை நாள் இதுதான் துணை.”

பெண்டாட்டி மூச்சுக்குத் தவிக்கிறாள், இவருக்கு ஏரி நடுவில் பாட்டுக் கச்சேரி. டமாரத்தின் கோபமெல்லாம் திருப்புளியில் இறங்கியது. ஊஃபருக்கென்று தனி பேட்டரி வைத்தார், இல்லாவிட்டால் பாட்டு கேட்டே இன்ஜினை நிறுத்திவிடுவார் மனுஷன். வயர்களை ரப்பர் குழாய்க்குள் விட்டு, தண்ணீர் புகாமல் ஓரமெல்லாம் பசை பூசினார்.

“பெட்டி இடத்தை அடைச்சுக்கிச்சு சார். இனிமே இதுல ஒருத்தர்தான் உக்கார முடியும்.”

“ஒருத்தர் போதும்பா.”

அப்படியானால் போனில்தான் யாருடனோ கொஞ்சல், என்று டமாரம் கணக்குப் போட்டார். வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒண்ணு சொல்றேன் சார். தண்ணி மேல சத்தம் வழுக்கிக்கிட்டுப் போகும். ஏரி நடுவுல நாம பேசறது நமக்குள்ளன்னு நினைச்சுப்போம், கரையில இருக்கறவங்களுக்கு அட்சரம் பிசகாம கேட்டுடும்.”

பெரியவரின் முகம் வெளுத்துவிட்டது.

“நிஜமாவா? சின்ன ரேடியோ போட்டிருந்தாலுமா?”

“அது எம்மாத்திரம்?”

அவர் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி டமாரத்துக்கு.

“தம்பி, ஒரு உதவி. நீங்க அந்த ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க. நான் நடுவுல போய் பாட்டைப் போட்டுட்டுக் கத்தறேன். என் குரல் கேக்குதான்னு பாத்துச் சொல்லுங்க.”

என்ன துணிச்சல்! பல்லைக் கடித்துக்கொண்டு டமாரம் ஜன்னலடியில் போய் நின்றார். படகு நடு ஏரியில் நின்றது. பாட்டு கிளம்பியதும் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. தூரத்தில் பெரியவர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்துவது தெரிந்தது. ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

இல்லை என்று டமாரம் கையை ஆட்டினார். பெரியவர் தலையசைத்துவிட்டு, கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

டமாரம் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் கண்களை மூடவில்லை. இத்தனை அதிர்வையும் வாங்கிக்கொண்டு ஏரிப் பக்கமே பார்த்துப் படுத்திருந்தார். ஊர் பூராவும் சத்தம் போட்டுப் பிழைத்தவருக்கு முதல் தடவையாகத் தன் தொழில் மேலேயே வெறுப்பு வந்தது.

“அம்மா, என்னை மன்னிச்சுக்கோங்க. ஆம்ப்ளிஃபயர்ல ஒரு சின்னத் திருகு இருக்கு. அதைக் குறைச்சு வெச்சுட்டா, அவர் எவ்வளவு திருகினாலும் சத்தம் ஏறாது. அவருக்குத் தெரியாம பண்ணிடறேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க.”

அந்த அம்மாள் விரலை அசைத்து அருகே கூப்பிட்டார். டமாரம் ஜன்னலுக்குள் காதை நீட்டினார். பேசுவதற்கு முன் அந்த அம்மாளுக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“அதுல கை வெச்சுடாதே தம்பி... நான்தான் பெருசா மாட்டச் சொன்னேன்.”

“நிஜமா நீங்களா? எதுக்கும்மா?”

நடு ஏரியில் குனிந்து உட்கார்ந்திருந்த முதுகை அந்த அம்மாள் பார்த்தார்.

“அவர்கிட்ட சொல்லிடாதே. சின்ன ரேடியோவுல... அவர் அழறது இங்க வரைக்கும் கேட்டுச்சுப்பா.”