பார்த்தவர் கணக்கு

கேமராவின் பெயருக்கு நேரே மறுபடியும் பூச்சியமே நின்றது.

அவன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கம்பி இழுத்து இணையம் கொடுப்பது அவன் தொழில். எந்தக் கருவி எவ்வளவு இணையத்தைச் செலவிடுகிறது என்று கணக்கெடுக்கும் மென்பொருளை எத்தனையோ இடங்களில் நிறுவியவன், அதையே இப்போது சொந்த வீட்டில், மாடிப்படியின் கீழே கிடந்த பழைய கணினியில் நிறுவியிருந்தான்.

காரணம், அக்கா.

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவின் அறையில் கேமரா மாட்டச் சொன்னவள் அவள்தான். கடல் கடந்து வாழ்கிறவள், பெற்ற தகப்பனைக் கண்ணாரக் காண விரும்புகிறாள் என்று அவனும் மறுக்காமல் மாட்டினான். மாட்டிய நாள் முதல் அவன் பிடரியில் ஒரு கண் உட்கார்ந்துகொண்டது.

“ராவும் பகலும் நான் பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன். அப்பா எப்படி இளைச்சுட்டாரு! நீயும் உன் பொண்டாட்டியும் அங்க என்னதான் பண்றீங்க?”

அழைக்கும்போதெல்லாம் இதே பல்லவி. உறவினர் ஒருவர் விடாமல் அவர்களிடமும் இதே பல்லவி. எல்லாம் கேமராவில் தெரிகிறதாம்.

போதாக்குறைக்கு, வீட்டில் இணையம் நொண்டியடித்தது. மகளின் பாடம் பாதியில் உறைந்து நின்றது. அக்கா ஓயாமல் பார்ப்பதுதான் இணையத்தைத் தின்கிறது என்று எண்ணைக் காட்டி மெய்ப்பித்துவிட்டால், அதையே சாக்காக வைத்து அந்தக் கண்ணைக் கழற்றி எறிந்துவிடலாம். அவனுக்கு வேண்டியது அது ஒன்றே.

பூச்சியத்தைக் காட்டி எதை மெய்ப்பிப்பது?

பிழை தன்னுடையது என்றுதான் முதலில் நினைத்தான். அப்படி நினைக்க இடமும் இருந்தது. நிறுவிய அன்று மென்பொருள் எந்தக் கருவிக்குமே கணக்குக் காட்டவில்லை. வீட்டின் இணையப் போக்குவரத்து முழுவதும் அந்தக் கணினியைத் தொடாமலே ரவுட்டர் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. சாலை ஒருபுறம் ஓட, சுங்கச்சாவடியை வயல் நடுவே கட்டியவன் ஆனான். கம்பிகளைப் பிடுங்கி, யாவும் கணினிக்குள் புகுந்தே வெளியேறும்படி மாற்றிப் பூட்டினான். மகளின் பெயருக்கு நேரே எண் ஏறியது. மனைவியின் கைப்பேசிக்கு ஏறியது. தொலைக்காட்சியோ வஞ்சனையில்லாமல் தின்றது.

கேமரா மட்டும் பட்டினி கிடந்தது. அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று முனகும் கணக்கில் தேறாத துணுக்கைத் தவிர, அது வெளியே எதையும் அனுப்பவில்லை.

இரண்டு வாரம் ஓடவிட்டான். அப்போதும் அதே பூச்சியம்.

“ஊருக்கெல்லாம் வலை விரிச்சவருக்கு வீட்டு மீன் சிக்கலையாக்கும்?” என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

அவன் கடைசிச் சோதனையில் இறங்கினான். கைப்பேசியை வீட்டு இணையத்திலிருந்து துண்டித்து, அக்கா பார்ப்பதுபோலவே வெளியிலிருந்து கேமராவைத் திறந்தான். எதிரே நாலெட்டில் இருந்த அப்பாவின் அறை திரையில் விரிந்தது. கணினியில் எண் குபுகுபுவென்று ஏறியது. மூடினான், நின்றது. மீண்டும் திறந்தான், ஏறத் தொடங்கியது.

மென்பொருளில் பிழை இல்லை. எவரேனும் பார்த்தால் எண் ஏறும்.

எவரும் பார்க்கவில்லை.

இந்த இரண்டு வாரத்துக்குள் அக்கா மும்முறை அழைத்து, ‘இப்பதான் பாத்தேன்’ என்று சொல்லியிருந்தாள். அப்பா இளைத்துவிட்டார்! படுக்கையில் கிடக்கும் எந்தத் தகப்பனைப் பற்றியும், எந்த நாளும், பாராமலே சொல்லத்தக்க சொல்.

முதலில் அவனுக்குச் சினம் பொங்கியது. அவளை அழைத்து என்னென்ன கேட்பது என்று மனத்துக்குள் அடுக்கினான். அடுக்க அடுக்கச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் ஓய்ந்தபின், நெடுநாள் சுமந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்தாற்போலப் பிடரி இலேசாயிற்று. கைப்பேசியை மேசைமேல் சாய்த்துவைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தான்.

மனைவி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“ஏங்க, மாமாவுக்கு ஊட்டுற நேரமாச்சு. ஆறிடப் போகுது, எழுந்திருங்க.”

மாலை வேளையில் அப்பாவுக்கு ஊட்டுகிறவன் அவன்தான். கேமரா வந்த நாளிலிருந்து ஒருபொழுதும் தவறாத வழக்கம்.

“இன்னிக்கு நீயே குடுத்துடேன்.”

“ஏன், உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“அட, யாரு பாக்கப் போறா!”

அவள் கிண்ணத்தை ஏந்தியவாறு, அவன் முகத்தை விட்டுவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவனும் திரும்பினான். கைப்பேசியில் கேமராவை அவன் மூடியிருக்கவில்லை. கணினியில் எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

படம் எப்போதும் சில நொடிகள் பிந்தித்தான் வரும். கதவை நோக்கியிருந்த அப்பா, திரையில், இப்போதுதான் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.