வானம்பாடிக் குஞ்சின் கால்

மலைமேல் இந்தப் புல்வெளியில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. ஈரப் பாசி, முழங்கால் உயரப் புதர், ஓயாத காற்று, அவ்வளவுதான். வனக்காவலனான நான்தான் தங்கை புருஷனை இங்கே கூட்டிவந்திருக்கிறேன். புகைப்படக்காரர். புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்து, வானம்பாடிக் குஞ்சு ஒன்றை நோக்கிக் கேமராவைக் குறிவைத்திருக்கிறார். இளவெயிலில் குஞ்சு நின்ற இடத்திலேயே நிற்கிறது. சமர்த்துதான் என்று நினைக்கும்போதே அதன் காலில் கறுப்பு நூல் தெரிகிறது. மறுமுனையைக் கல்லில் சுற்றியிருக்கிறார். "என்ன மாப்ளே இது?" "சும்மா விட்டா ஓடிடுது மச்சான். நூலைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம். சத்தம் போடாதீங்க, தாய் வருது." சீ! புழுவோடு இறங்கும் தாய், புழுவைக் கீழே போட்டுவிட்டு நூலைக் கொத்தி இழுக்கிறது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகுகிறது. குஞ்சு குப்புற விழுந்து கீச்சிடுகிறது. "அப்படித்தான், அப்படித்தான்" என்று வாயெல்லாம் பல்லாகக் கேமராவை அமுக்கிக்கொண்டே இருக்கிறார். நூலை அறுக்கப் பேனாக்கத்தியைத் தேடிச் சட்டைப்பைக்குள் கைவிடுகிறேன். கையில் முதலில் தட்டுப்படுவது, இவருக்காக நானே கையெழுத்துப் போட்ட அனுமதிச்சீட்டு.