மஞ்சள் பலூன்களுக்கு முன்னால்

முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்ப் பலகையைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்ப்பவரின் கால் ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடிக்காகவே பலூன்கள் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

இரண்டு மஞ்சள் பலூன்கள். அவற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பெண்கள், கடைத்தெருவுக்குப் போகிறவர்களைப் போலப் பேசிக்கொண்டே, சீரான வேகத்தில் வந்தார்கள். மாரத்தானில் அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த வேகம் அதுதான். பதினொரு மணிக்கு, ஓட்டம் நடக்கும் கேளிக்கைப் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்தாக வேண்டும். ஆகவே பலூன்கள் யாரைத் தாண்டுகின்றனவோ, அவர் ஓட்டத்தை விட்டுவிட்டு, பின்னால் வரும் பேருந்தில் ஏறிவிட வேண்டும். கெஞ்சினாலும் விடமாட்டார்கள்.

எண்பது அடி இருக்கும். எழுபதாகவும் இருக்கலாம்.

“எப்படியும் பஸ்லதானே வரப்போற? அதுக்கு எதுக்கு இவ்வளவு அமர்க்களம்?” என்று காலையில் கணவர் சிரித்தார். அவள் காலணி நாடாவுக்கு இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினான்கு மாதங்கள் இருட்டோடு எழுந்து ஓடியது பதக்கத்துக்காக அன்று. அந்தப் பேருந்தில் ஏறாமல் ஒரு முறை, ஒரே ஒரு முறை, எல்லைக்கோட்டைத் தொட்டுவிட வேண்டும்.

அவளுக்குப் பயிற்சியாளர் இல்லை. ஆனாலும் இந்த ஓட்டத்தின் சூட்சுமங்கள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. வென்றவர்கள் யாரும் அவளுக்கு எதையும் சொன்னதில்லை. சொன்னவர்கள் எல்லாரும் தோற்றவர்கள். அதுவும் கேட்காமலே சொன்னார்கள்.

புதுக் காலணியோடு வந்து கெட்டேன் என்றார் ஒரு வங்கி மேலாளர். கரடி வேடக்காரரோடு படம் எடுக்க வரிசையில் நின்று பன்னிரண்டு நிமிடம் போயிற்று என்று புதுமணத் தம்பதியர் ஒருவரையொருவர் கடிந்துகொண்டார்கள். சிமெண்டு யானை தண்ணீர் தெளிக்கும் இடத்தில் ஒதுங்கிப் போ, நனைந்த காலுறை கொப்புளத்தில் கொண்டுபோய் விடும். பொம்மை ரயில் பாலத்தில் ஏறும்போது நட, இறங்கும்போது ஓடு. ராட்சச ராட்டினத்தின் அருகே இருக்கும் கழிப்பறையை மறந்துவிடு. முதல் சுற்றில் யார் முந்தினாலும் முந்தட்டும்.

எல்லாவற்றையும் அவள் கடைப்பிடித்தாள். கரடி இரு கைகளையும் விரித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பாவம், விரித்த கை விரித்தபடியே நின்றது.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வேலியைப் பிடித்து நின்றதில் ஆறு நிமிடம். அதற்கு யாரும் குறிப்புச் சொல்லியிருக்கவில்லை.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தடி ஓடினாள். மறுபடியும் பார்த்தாள். அதே நிமிடந்தான்.

வளைவு திரும்பியதும் பேருந்து நின்றிருந்தது.

பின்னால் வர வேண்டிய வண்டி, முன்னால், ஓட்டப்பாதையின் ஓரத்தில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தது. ஏறும்போது யாரும் அழுவதில்லை. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் அழுவார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் பாதையின் மறு ஓரத்துக்கு விலகினாள். கால்கள் அந்தப் படியைப் பார்த்து ஏங்கின.

தொந்தியும் தொப்பியுமாக ஓட்டுநர் கீழே குதித்தார்.

“அக்கா! ஒரு நிமிஷம்கா!”

“நான் ஏறல! இன்னும் என்னத் தாண்டல! கண்ணு தெரியுதா இல்லையா?”

“அய்யோ, உங்கள யாரு ஏறச் சொன்னா? உங்க வண்டிக் கதவுதான் மூடித் தொலைய மாட்டேங்குது. கால் பிசகினவர ஏத்தணும்னு முன்னாடி வந்தேன், அதோட மாட்டிக்கிட்டேன். மூடாம இது நகராதாமே! நீங்க எழுதிக் குடுத்த சீட்டுல எல்லாம் இருக்கு, இது மட்டும் இல்ல!”

ஆம், இல்லைதான். பிரேக், விளக்கு, இடப்பக்கக் கண்ணாடியின் கோளாறு என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். ஏழு ஆண்டுகளாக, ஒவ்வோர் ஓட்டத்தின்போதும் அந்தப் பேருந்தை ஓட்டியவள் அவள். கதவை மூடியது எப்போதும் அவள் கை. மூளை அதை அறிந்ததே இல்லை. அறியாததை எப்படி எழுதுவது?

உள்ளே ஒருவர் வீங்கிய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

பின்னால் பலூன்காரப் பெண்களின் பேச்சு கேட்டது. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுகூடப் புரியத் தொடங்கியது.

அவள் பாதையைக் குறுக்கே கடந்து ஓடினாள். இடக்கையால் கைப்பிடியைத் தூக்கி, கீழ்மூலையில் முழங்காலால் ஓர் இடி.

கதவு அசையவில்லை. எப்போதும் உள்ளே நின்று செய்தது. வெளியே இடமும் வலமும் மாறிவிட்டிருந்தன.

“விடுங்கக்கா, நீங்க போங்க! வந்துட்டாங்க!”

“நீ முதல்ல ஏறு!”

ஓட்டுநர் தாவி ஏறினார். இந்த முறை வலக்கை. மற்ற முழங்கால். இழுத்துக்கொண்ட அதே கால்.

கதவு மூடிக்கொண்டது. பலூன்கள் இன்னும் அவளைத் தாண்டியிருக்கவில்லை.

சன்னல்களுக்கு உள்ளே, ஏழு ஆண்டுகளாகப் பின்காட்டும் கண்ணாடியில் மட்டுமே பார்த்துப் பழகிய, தோற்றவர்களின் முகங்கள் வரிசையாக நேருக்கு நேர் தெரிந்தன. கணுக்கால் வீங்கியவர் வலியை மறந்து எழுந்து, சன்னலில் முகத்தைப் பதித்து, கைகளை ஆட்டி ஆட்டி அவளுக்கு ஏதோ சொன்னார்.

கதவு நன்றாகவே மூடியிருந்தது. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

என்னவென்று கேட்க அவள் நிற்கவில்லை.