கெஸியாவின் பூனை

ஜோவிதாவின் மடியில் பூனை தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது.

“ஊட்டுல லில்லிச் செடி இருக்குதுங்களா?” என்று கேட்டார் கால்நடை டாக்டர்.

“இருந்துச்சுங்க. பூனைக்கு ஆகாதுன்னு என் மக கெஸியா சொல்லிட்டே இருப்பா. இது அவ வளர்த்த பூனைங்க. எல்லாத்தையும் கிழங்கோட பிடுங்கி, அவ இருக்கிற இடத்துல நட்டுட்டேன். அவ்வளவு தூரம் இது போகாதுங்க.” தன்மேல் தப்பில்லை என்ற தைரியத்தில் சொன்னாள்.

“செடிகிட்டப் போகவே வேண்டாம்மா. பூவுல இருக்கிற மஞ்சப் பொடி முடியில ஒட்டினாப் போதும். பூனை நக்கித்தானே தன்னைச் சுத்தம் பண்ணிக்கும்? அப்படி உள்ளே போய் கிட்னியைக் கெடுத்துடும். இதுக்குக் கெட்டுப்போச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

அவர் பூனையின் கழுத்தைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது. பிறகு ஜோவிதாவின் கம்பளிச் சால்வையைப் பார்த்தார். அதன் மடிப்புகளிலும் மஞ்சள்.

“இது எங்கே படுக்கும்?”

“இந்தச் சால்வையிலதாங்க. கெஸியா போனதுல இருந்து வேற எங்கேயும் படுக்காது.”

“கெஸியாவைப் பார்க்கப் போனீங்களா?”

“ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் போனேனுங்க. கல்லறையைச் சுத்தி லில்லி நெஞ்சு உசரம் பூத்திருக்கு. அதுக்குள்ள நுழைஞ்சு, அவ சிலுவையைக் கட்டிப் பிடிச்சு அழுதேன்.”