எந்தக் கை

தூண்டில் ராடை வளைத்துப் பார்த்தார். வளைந்தது.

அடுத்ததை எடுத்தார். அதுவும் வளைந்தது. இதில் எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் விடவில்லை. காலையிலிருந்து இந்தத் தூண்டில் கடைக்கு இது மூன்றாவது நடை.

முதல் நடையில் வேடிக்கை மட்டும் பார்த்தார். இரண்டாவது நடையில் குடையை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். குடை அவர் கையிலேயே இருந்தது.

கடைக்காரன் பிரிட்டோ சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான்.

"உக்காருங்க அண்ணாச்சி. ராடு எங்கயும் ஓடிப் போவாது."

உட்காரவில்லை.

நாளை எபனேசர் வருகிறான். ஒரே மகன். அமெரிக்காவிலிருந்து, ஆறு வருடம் கழித்து, நான்கு நாளுக்கு.

நான்கு நாளும் என்ன பேசுவது?

ஒரு வாரமாக அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. போனில் 'சாப்டியா', 'சாப்டேன்' என்பதற்கு மேல் இருவருக்கும் ஓடாது. அதற்குள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுவான். பிள்ளை வளர்ந்த வருடங்களில் அவர் சவூதியில் இருந்தார். அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்த வருடம் பிள்ளை விமானம் ஏறினான்.

பேஸ்புக்கில்தான் அந்தப் படங்களைப் பார்த்தார். ஏரி, படகு, கையில் மீன். பாஸ் மீன் என்று போட்டிருந்தான். லீவு விட்டால் பையன் தண்ணீரிலேயேதான் கிடக்கிறான்.

அவருக்குப் பிடி கிடைத்தது.

தூண்டில் போடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தால் போதும். பேசாமல் இருந்தாலும் அது குறையாகத் தெரியாது.

"அந்த பாஸுக்கு நம்ம கொடுவா அண்ணன் முறை," என்றான் பிரிட்டோ. "புன்னைக்காயல் முகத்துவாரத்துல கல்லு மேல நின்னு போட்டா விழும். ஆனா இழுவை பலமா இருக்கும். பாதியில கை விடுற சாமானை வாங்கிராதீக."

ராடு முடிவானது. ஏழடி, இரண்டு துண்டாகக் கழற்றுவது.

அடுத்து காலுக்கு. கல்லில் பாசி இருக்கும், ரப்பர் செருப்பு வழுக்கிவிடும், அடியில் முரட்டுக் கம்பளி ஒட்டிய ஷூதான் பிடித்து நிற்கும் என்றான் பிரிட்டோ.

"தம்பிக்கு எத்தனாம் நம்பர்?"

தெரியவில்லை. வெளியே போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"பத்து," என்றாள், கேட்டு முடிப்பதற்குள். "முன்பக்கம் அகலமா பாத்து வாங்குங்க. சுண்டுவிரல் அவனுக்கு நெருக்கும். எதுக்கு கேக்கிய?"

சும்மா என்று வைத்துவிட்டார். கடல் கடந்து கிடக்கிற சுண்டுவிரல் அவளுக்குத் தெரிகிறது. பொறாமையாக இருந்தது.

பிறகு, தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீல்.

பிரிட்டோ இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்தான். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. சுற்றுகிற கைப்பிடி மட்டும் ஒன்றில் இந்தப் பக்கம், மற்றதில் அந்தப் பக்கம்.

"கைப்பிடியை மாத்திப் போட முடியாத மாடல் இது. தம்பிக்கு எந்தக் கைப் பழக்கம்?"

"வலது," என்றார். யோசிக்கவே இல்லை. இது ஒன்றாவது தெரிந்ததில் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"படம் காட்டுனீகள்லா, அதக் குடுங்க. எப்படிப் பிடிக்கான்னு பாப்போம்."

பிரிட்டோ போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து தள்ளினான்.

"எல்லாத்துலயும் இடது கைல்லா அண்ணாச்சி."

வாங்கிப் பார்த்தார். நூறு தடவை பார்த்த படங்கள். ஒவ்வொரு தடவையும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார். மெலிந்திருக்கிறானா, முடி கொட்டியிருக்கிறதா என்று. கையைப் பார்க்கவில்லை.

ராடு இடது கையில். ஒரு படத்தில் தட்டு ஏந்தி நின்றான். கரண்டியும் இடது கையில்.

இதை மனைவியிடம் கேட்க முடியாது. அவளுக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்போது எபனேசருக்கு ஐந்து வயது. அவர் முப்பது நாள் லீவில் வந்திருந்தார். பிள்ளை இடது கையால் சோற்றை அள்ளுவதைப் பார்த்ததும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கொதித்துப்போனார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டினார்.

முதல் வாரம் அழுதான். அப்புறம் அழவில்லை.

கடைசி நாள் வலது கையால் சாப்பிட்டான். டாட்டாவும் வலது கையால்தான் காட்டினான்.

சவூதிக்குப் போய், அறையிலிருந்த அத்தனை பேரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னார்.

இப்போது வெட்கமாக இருந்தது. பிரிட்டோவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இடது கைக்கு உள்ளதையே குடு," என்றார்.

பொதியப் போனவனை நிறுத்தினார். ராடில் பூட்டித் தரச் சொன்னார். தூண்டில் முள் வேண்டாம், வெறும் ஈயக்குண்டு போதும் என்றார்.

கடையை ஒட்டிக் காலி மனை. அங்கே நின்று வீசினார், இடது கையால்.

குண்டு காலடியிலேயே விழுந்தது. நரம்பு பொங்கிச் சிக்கிக்கொண்டது. பிரிட்டோ பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தான். மறுபடி வீசினார். எந்தப் பக்கம் திரும்புவது என்று மணிக்கட்டுக்கே தெரியவில்லை.

"பழகிருமா?"

"கஷ்டம் அண்ணாச்சி. ஒரு மாசம் பாடுபட்டாலும் முழுசா வராது." பிரிட்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க எதுக்கு இதுல மல்லுக்கட்டுதீக? உங்களுக்குத்தான் வலது கை நல்லா இருக்கே."

அவர் இடது கையால் ராடை ஓங்கினார்.

வலது கை தானாகவே உதவிக்கு வந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

மறுபடி வீசினார்.