உள்ளே போடுங்க

குப்பம்மா போலீஸ் ஏட்டு நீலமேகத்தின் வாசலில் வந்து நின்றாள். திருவொற்றியூரில் அவள் தெருவுக்கு அவர் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“ஏட்டய்யா, எம்புள்ள பாரிய இட்டுகினு போய் உள்ள போடுங்க. பிரவுன் சுகர் இல்லாம அவனால இருக்க முடியல.”

“அது ஒரு நோயிம்மா. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. மாத்திர குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துவாங்க.”

“எங் கம்மலக் கழட்டிகினு போய் வித்தவனுக்கு நோயா? நாலு நாள் லாக்கப்ல கெடந்தா தன்னால திருந்துவான்.”

“நான் கேஸ் போட மாட்டேன்.”

“அப்போ விக்கிறவங்கிட்ட நீங்களும் மாமூல் வாங்கிகினுதான் கீறீங்க.”

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த நீலமேகத்தின் மனைவி ரமாபாய் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

“எங்க புள்ள வல்லரசும் அதத்தான் போட்டுகினு இருந்தான். திருந்தட்டும்னு இவரே அவன லாக்கப்ல தள்ளினாரு. மூணு நாள் வாந்தியும் பேதியுமா கெடந்தான். நடிக்கிறான், கதவத் தெறக்காதீங்கன்னு சொன்னதும் இவருதான். நாலாம் நாள் பொணமாத்தான் வூட்டுக்கு வந்தான்.”

குப்பம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நீலமேகம் எழுந்து சட்டையை மாட்டினார். “பையன் எங்கம்மா கீறான்?”

“வூட்லதான். வெளிய போவக் கூடாதுன்னு கட்டிப் போட்டுப் பூட்டி வச்சிகீறேன். முந்தாநாள்லேர்ந்து.”

நீலமேகம் வெறுங்காலோடு ஓடினார். பூட்டை உடைத்து உள்ளே போனபோது பாரி நினைவில்லாமல் கிடந்தான். அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டார்.

மூச்சு இருந்தது.